தலைகீழாகப் பார்ப்பவர்

அச்சுப்பொறியிலிருந்து சூடாக வந்த தாளைத் தலைகீழாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் யார் வந்து நின்றாலும் தெரியாது. அவருக்கு அந்தத் தாளில் இருப்பதைப் படிக்க வேண்டியதில்லை. படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தலைகீழ். “படிச்சா மனசு அர்த்தத்துக்குள்ள போயிடும் தங்கச்சி. பக்கம் கண்ணுக்குத் தெரியாது” என்பார். எங்கே கறுப்பு கூடிவிட்டது, எங்கே வெள்ளையாக ஓட்டை விழுந்திருக்கிறது, எந்த வரி மற்ற வரிகளோடு சேராமல் முறைத்துக்கொண்டு நிற்கிறது என்று பத்து விநாடி பார்ப்பார். பிடித்திருந்தால் தாள் மேசைக்கு வரும். பிடிக்காவிட்டால் சரிபாதியாக மடித்துக் குப்பைக் கூடையில் போடுவார். குப்பைக்குப் போகிற தாளுக்கு எதற்கு ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரு மடிப்பு என்று நான் பதினொரு வருடமாகக் கேட்கவில்லை.

அலுவலகத்தில் அவர் பெயர் ‘தலைகீழ்’. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அல்ல. முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். “தலைகீழண்ணே, டீ ஆறுது!” என்றால் திரும்பிப் பார்ப்பார். ஐம்பத்து மூன்று வயது. சட்டைப் பையில் பேனா இருக்காது, பதினைந்து சென்டிமீட்டர் எஃகு அளவுகோல் இருக்கும். தலை வகிடு அதை வைத்துப் போட்டதோ என்று சந்தேகப்படும்படி நேராக இருக்கும். சாப்பாட்டு டப்பாவில் மூன்று அறை. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் குழம்பு கசிந்திருந்தால் மூடியைத் திறந்தபடியே ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் சாப்பிடுவார்.

இவர் என்ன வேலை செய்கிறார் என்று இவருடைய மாமியாருக்கு இருபத்தாறு வருடமாகப் புரியவில்லையாம். எங்களுக்கு வரும் கோப்புகள் பார்க்க லட்சணமாக இருக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் ஒரு குறி இருக்கும். இது தலைப்பு, இது பத்தி, இது எச்சரிக்கை, இது அட்டவணை, அட்டவணையில் இது மூன்றாவது வரிசை. எது என்ன என்று சொல்லும், அவ்வளவுதான். தாளில் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்தக் கோப்பை அச்சுக்குப் போகும் பிடிஎஃப் ஆக மாற்றுவது இவர் வேலை. கையால் ஒவ்வொரு பக்கமாக அடுக்கமாட்டார். தலைப்பு வந்தால் இந்த அளவு, எச்சரிக்கை வந்தால் இந்தக் கட்டம், அட்டவணை வந்தால் இத்தனை அகலம் என்று விதிகளை எழுதி வைப்பார். ஒரு தட்டுத் தட்டினால் அந்த விதிகளின்படி எழுநூறு பக்கத்தையும் கணினி நான்கு நிமிடத்தில் கட்டி எழுப்பிவிடும்.

“வீடு மாத்தும்போது லாரியில பெட்டி பெட்டியா சாமான் வருதில்ல? ஒவ்வொண்ணு மேலயும் சமையலறை, படுக்கையறைன்னு எழுதியிருக்கும். எழுதுறது அவங்க வேலை. எங்க வைக்கணும்னு சொல்றது என் வேலை” என்று புதிதாக வருபவர்களுக்கு விளக்குவார். ஒரு முறை அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தபோது இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டார். “ஊரு சாமானை எல்லாம் எடம் பாத்து வைக்கத் தெரியும். நம்ம வீட்டுல குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கத் தெரியாது” என்றார். அன்று முழுக்க எங்கள் தளத்தில் அதுதான் பேச்சு. அவரும் சிரித்தார், ஆனால் டம்ளர் விஷயத்தில் முன்னேற்றம் எதுவும் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தனியாகப் போய்விட்டால் அவருக்கு மனசு தாங்காது. “பாவம், ஒத்தையா நிக்குது. துணைக்கு இன்னொரு வரியை அனுப்புங்க” என்று கணினியோடு பேசுவார். பல் மருத்துவரிடம் போயிருந்தபோது சுவரில் இருந்த அறிவிப்பில் அப்படியொரு வரி தனியாக நின்றதாம். பல் வலியை மறந்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அதைப் பற்றிப் பேசப் போயிருக்கிறார். அந்தப் பெண் இவருக்கு வலி தலைக்கேறிவிட்டது என்று நினைத்து, வரிசையில் காத்திருந்த நான்கு பேருக்கு முன்னால் உள்ளே அனுப்பிவிட்டாள். இதை அவர் தன் வாழ்க்கையின் வெற்றிகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்வார்.

இன்னொரு வெற்றி, மருந்தளவுக் கையேட்டின் அடி ஓரம். நாற்பத்தோரு மருத்துவமனைகளுக்குப் பொதுவான ஒரு குழு தயாரித்த புத்தகம் அது. எந்த மருந்தை எத்தனை எடையுள்ள குழந்தைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பக்கத்துக்கு ஒரு மருந்தாக, மருந்துக்கு ஓர் அட்டவணையாகப் போகும். வார்டில் நின்றபடி புரட்டும் புத்தகம் என்பதால் எந்த அட்டவணையும் பக்கம் தாண்டக் கூடாது என்று குழு சொல்லிவிட்டது. ஓரத்தைக் குறைத்தால் புத்தகம் மெலியும் என்றும் சொன்னது. இவர் மூன்று கூட்டங்களில் உட்கார்ந்து, அடியில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் வெள்ளை இருந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். “ஒரு கையில ஊசி மருந்து, ஒரு கையில புத்தகம். கட்டை விரல் எங்க உக்காரும்? எழுத்து மேலயா?” கடைசியில் குழு விட்டுக்கொடுத்தது. ஒரு விரல் அகல வெள்ளைத் தாளுக்காக இத்தனை மல்லுக்கட்ட வேண்டுமா என்று மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு முறை புத்தகத்தைக் கட்டி முடிக்கும்போதும் கணினி ஒரு பட்டியல் கொடுக்கும். கட்டவே முடியாமல் போன இடங்கள் சிவப்பில் வரும். கட்டிவிட்டேன், ஆனால் கொஞ்சம் பாருங்கள் என்பது மஞ்சளில் வரும். சிவப்பைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் எல்லோர் வழக்கமும். இவர் மஞ்சளை வரி வரியாகப் படிப்பார். “செவப்பு கத்தும், எல்லாருக்கும் கேக்கும். மஞ்சள் முணுமுணுக்கும். அதைத்தான் காது குடுத்துக் கேக்கணும்.” இந்த வாசகத்தை ஒரு தாளில் அச்சடித்து யாரோ அவர் மேசைக்கு மேலே ஒட்டினார்கள். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி சரியில்லை என்று கிழித்துவிட்டு, தானே திரும்ப அச்சடித்து ஒட்டினார்.

அவர் மனைவி செவிலியர். போன வருடம் பெரியவர்கள் வார்டிலிருந்து பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு மாற்றலானார். மாற்றலான மூன்றாவது நாள் காலை, ஒருவர் கிளம்பும் அவசரத்திலும் மற்றவர் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தபோது, போகிற போக்கில் ஒரு செய்தி சொன்னார்.

“என்னங்க, உங்க புத்தகம் எங்க வார்டுலயும் இருக்கு. அதுல ஒரு பக்கத்துல கையால ஒரு வரி எழுதி வெச்சிருக்காங்க.”

“கையாலயா? எங்க?”

“கீழ. நீங்க சண்டை போட்டு வாங்குனீங்களே, அந்த வெள்ளையில.”

இதை அவர் அலுவலகத்துக்கு வந்து என்னிடம் சொன்னபோது முகத்தில் இரண்டு விதமாகவும் இருந்தது. தன்னுடைய ஓரத்தில் பேனா வைத்துவிட்டார்களே என்று எரிச்சல். ஓரம் எதற்கோ உபயோகப்பட்டதே என்று பெருமை. “அப்படி என்னதான் எழுதியிருப்பாங்க? போன் நம்பரா இருக்குமோ?” என்றார். மனைவிக்குப் போன் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் என்று பதில் வந்தது. எங்கள் அலமாரியில் இருந்த பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். அழகான பக்கம்தான். கட்டம் கச்சிதமாக முடிந்து, கீழே இருபத்திரண்டு மில்லிமீட்டர் பளிச்சென்று இருந்தது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல எதுவும் இல்லை.

பிறகு மூலக் கோப்பைத் திறந்தார். விரலால் திரையைத் தொட்டு வரிசைகளை எண்ணினார். ஏழு. புத்தகத்தில் எண்ணினார். ஆறு. திரும்ப எண்ணினார். நான் என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டேன். கோப்பில் இருந்து புத்தகத்தில் இல்லாத அந்த ஏழாவது வரிசை, ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கானது. அந்த வரிசை கண்ணில் படாத ஒரு செவிலியர், அதற்கு மேலே இருக்கும் வரிசையைப் பார்த்து அளவெடுத்தால், குழந்தைக்குப் போகும் மருந்து இரண்டு மடங்கு.

“எப்படிப் போச்சு?” என்றார். என்னைக் கேட்கவில்லை.

எப்படிப் போனது என்று கண்டுபிடிக்க அவருக்கு இருபது நிமிடம் ஆனது. அதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சோம்பேறி ஒருவனால் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. முதல் சோதனைப் பிரதியில் ஒவ்வொரு அட்டவணையின் கீழ்க்கோடும் அதைச் சுற்றியிருந்த கட்டத்துக்கு வெளியே ஒரு மயிரிழை பிதுங்கித் தெரிந்தது. வேறு யார் கண்ணிலும் படாது. இவருக்குப் பட்டது. ‘கட்டத்துக்கு வெளியே போவதைக் காட்டாதே’ என்று ஒரு விதி எழுதினார். மயிரிழை மறைந்தது. ஆனால் கணினி ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘கட்டத்துக்கு வெளியே ஏதோ போகிறது’ என்று மஞ்சளில் முணுமுணுக்க ஆரம்பித்தது. எழுநூறு மயிரிழைக்கு எழுநூறு முணுமுணுப்பு. உண்மையான மஞ்சள்கள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடுமே என்று பயந்து, ‘இந்த வகை எச்சரிக்கையைச் சொல்லாதே’ என்று இன்னொரு விதி எழுதினார்.

அதற்கு ஆறு வாரம் கழித்து, கடைசித் திருத்தத்தில், குழு அந்த ஒரு மருந்துக்கு மட்டும் நான்கு வார்த்தை கூட்டியது. மூன்றாவது வரிசை ஒரு வரியிலிருந்து இரண்டு வரியானது. அட்டவணை ஒரு வரி உயரம் வளர்ந்தது; அடி ஓரத்துக்குள் இறங்காதபடி அவர் அளவு கட்டியிருந்த கட்டம் வளரவில்லை. ஏழாவது வரிசை கட்டத்துக்கு வெளியே போனது. காட்டாதே என்றிருந்தார், காட்டவில்லை. சொல்லாதே என்றிருந்தார், சொல்லவில்லை. இவர் எல்லா வரிகளையும் படிக்கட்டு மாதிரி சம இடைவெளியில் நிறுத்தியிருந்ததால் வெட்டு சரியாக இரண்டு வரிகளுக்கு நடுவில் விழுந்தது. பாதி எழுத்து வெட்டுப்பட்டுத் தொங்கியிருந்தால் அச்சகத்திலேயே யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.

நான் இந்த அலுவலகத்தில் பிழை திருத்துபவள். அந்தப் புத்தகத்தின் ஒப்புதல் தாளில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. கடைசித் திருத்தத்தில் புதிதாகச் சேர்ந்த நான்கு வார்த்தைகளை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றே சொல்லலாம். அவை சரியாக இருந்தன. அதற்கு நான்கு வரி கீழே என் பார்வை போகவில்லை. அவர் அந்த இரண்டு விதிகளையும் திரையில் காட்டியபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தவறு விதியில்தான், என் பிழைதிருத்தத்தில் இல்லை என்ற நிம்மதி. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேலாளர் கெட்டவர் இல்லை. தலைகீழண்ணனைவிடப் பத்து வயது இளையவர், அவரை அண்ணே என்று கூப்பிடுபவர். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

“அண்ணே, ரெண்டு வருஷமா புத்தகம் ஓடிக்கிட்டு இருக்கு. இதுவரைக்கும் எந்த ஆஸ்பத்திரியில இருந்தும் ஒரு புகார் வரல. ஏழு வாரத்துல புதுப் பதிப்பு. அதுல சத்தமில்லாம சேர்த்துடுவோம். யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

“நீங்க லெட்டர் போட்டா ஒப்பந்தம் போயிடும். இந்தத் தளத்துல முப்பத்தெட்டுப் பேரு இருக்கோம்.”

“தெரியும்பா. முப்பத்தெட்டுப் பேரும் உக்காந்து பேசிக்கலாம். என்னைத் திட்டலாம். அந்த ஒன்றரைக் கிலோ பேசுமா?”

வெளியே கண்ணாடிக்கு அப்பால் யாரோ அச்சுப்பொறிக்குத் தாள் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அறையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தேன். என்னிடமும் கேட்டார்கள். பிடி கொடுக்காமல் ஏதோ சொல்லிப் பூசி மெழுகினேன் என்றுதான் நினைவு. அவர் எழுந்து தன் இடத்துக்குப் போனார். பதினோரு மணிக்குக் கடிதம் போய்விட்டது. ஒரு பக்கக் கடிதம். நடந்தது என்ன, விடுபட்ட வரிசை எது, அதில் உள்ள எண்கள் என்ன, புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் இன்றே சொல்லுங்கள் என்று இருந்தது. கடைசி வரி: ‘இந்த விதிகளை எழுதியவன் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.’ அந்தக் கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்குத் தனியாகப் போயிருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் அதைக் கவனிக்காமல் அனுப்பியிருக்கிறார்.

அன்று மாலையே குழுவிலிருந்து எல்லா மருத்துவமனைகளுக்கும் தகவல் போயிற்று. எங்களுக்கு இரண்டு வரி வந்தது. மூன்று நாளில் விடுபட்ட வரிசையை ஒட்டுச் சீட்டாக அச்சடித்து அனுப்ப வேண்டும். இனி அந்தக் கையேட்டுக்கு இவருடைய கையெழுத்து செல்லாது. ஒப்பந்தம் போகவில்லை. இருபத்தொன்பது வருடம் பக்கங்களுக்குக் கையெழுத்துப் போட்டவருடைய கையெழுத்துதான் போயிற்று. இப்போது பக்கங்களை அவர் கட்டுகிறார், ஒப்புதல் தாளில் நான் மட்டும் போடுகிறேன். தாளை என்னிடம் நீட்டும்போது, கையெழுத்து வரவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பென்சில் புள்ளி வைத்துத் தருவார். அந்த இடம் எனக்குத் தெரியும். அவருக்கு வைக்காமல் இருக்க முடியாது.

மருத்துவமனைகளிடம் குழு ஒரு கேள்வித் தாளும் அனுப்பியிருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்து இதுவரை மருந்து கொடுத்தீர்களா, கொடுத்திருந்தால் எந்த அளவு என்று. பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவ்வளவு சிறிய குழந்தைகளை நாங்கள் சேர்ப்பதில்லை என்று இருபத்து மூன்று. வரிசை இல்லாததைக் கவனித்து ஒவ்வொரு தடவையும் மருந்தகத்தில் கேட்டுக்கொண்டோம், அல்லது கையால் எழுதி வைத்துக்கொண்டோம் என்று பதினேழு. ஒன்று இன்னும் வரவில்லை. வருடம் ஒன்றாகப் போகிறது. காலையில் வந்ததும் பையை வைத்துவிட்டு, குழுவின் பெண்ணுக்குப் போன் செய்து, “அந்த ஒண்ணு வந்துச்சாம்மா?” என்று கேட்பதும் இப்போது அவருடைய வழக்கங்களில் சேர்ந்துவிட்டது. வரவில்லை என்றால் சரிம்மா என்று வைத்துவிடுவார். அதன் பிறகுதான் கணினியைப் போடுவார். ஒருவேளை தாள் தபாலில் தொலைந்திருக்கும் என்று நான் ஒரு தடவை சொன்னேன். “இருக்கலாம்” என்றார்.

அந்த இரண்டு விதிகளையும் அவர் அழிக்கவில்லை. முன்னால் ஒரு குறி போட்டு வேலை செய்யாமல் நிறுத்தி, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறார். இப்போது எழுநூறு மயிரிழையும் எழுநூறு மஞ்சள் வரியாக வருகின்றன. தினமும் காலையில் எழுநூறையும் படிக்கிறார். அளவுகோலைத் திரையில் வைத்து வரிவரியாக இறக்கிக்கொண்டே போவார். ஒவ்வொன்றின் முடிவிலும் எத்தனை மில்லிமீட்டர் வெளியே போகிறது என்று ஓர் எண் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி எண்தான். அந்தக் கோட்டை ஒரு மயிரிழை மேலே ஏற்றிவிட்டால் ஒரு மஞ்சளும் வராதே என்று மேலாளர்கூடச் சொல்லிப் பார்த்தார். “வரட்டும். கேட்டுட்டுப் போறேன்” என்றார். வீட்டிலும் இப்படிக் காது கொடுத்துக் கேட்டால் தேவலை என்று மனைவி என்னிடம் சொன்னார். முன்பு சொன்ன அளவுக்கு அதில் கிண்டல் இல்லை.

போன வருடம் ஒட்டுச் சீட்டுகள் தயாரானபோது நாற்பது மருத்துவமனைகளுக்கும் தபாலில் போயின. மனைவி வேலை செய்யும் மருத்துவமனைக்கு மட்டும் தானே கொண்டுபோகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை. கேட்டிருந்தால் ஒப்புதல் தாளில் இருக்கும் என் கையெழுத்தையும் அன்று எனக்கு வந்த நிம்மதியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

வார்டுக்கு வெளியே கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. கை கழுவும் தொட்டி, மருந்து வண்டி, சுவரில் கடிகாரம், ஒரு ஜன்னல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சப் பெட்டிகளில் குழந்தைகள் இருந்தன. ஒன்றின் கால் என் சுண்டுவிரல் அளவு இருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவைதான் பார்த்தார். மனைவி சீருடையில் வந்து, வீட்டில் இருப்பதைவிட இரண்டு மடங்கு கண்டிப்பாக, “ரெண்டு பேரும் கையைக் கழுவுங்க” என்றார். கழுவினோம். அவர் விரல்களுக்கு இடையிலெல்லாம் தேய்த்துக் கழுவினார்.

புத்தகம் வண்டியின் கீழ்த்தட்டில் இருந்தது. அட்டை கழன்று, மருத்துவ நாடாவால் ஒட்டப்பட்டு, மூலைகள் சுருண்டு, பக்கங்களில் மருந்துக் கறை. தன் புத்தகம் ஒன்றை இவ்வளவு உழைத்துத் தேய்ந்த நிலையில் அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். எங்களிடம் இருப்பவை அலமாரிப் பிரதிகள். மெதுவாகப் புரட்டி இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தார்.

அடி ஓரத்தில் நீலப் பேனாவால் ஏழாவது வரிசை இருந்தது. எழுதியவர் வெறுமனே எழுதிவிட்டுப் போகவில்லை. மேலே உள்ள அட்டவணையின் கோடுகளை அளவுகோல் வைத்துக் கீழே நீட்டி, கட்டம் போட்டு, ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய கட்டத்துக்குள் உட்கார வைத்திருந்தார். தலைகீழண்ணன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, நீல எண்களையும் அச்சு எண்களையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். எல்லாம் ஒன்றே.

“யாரு எழுதினது?”

“எனக்கு முன்னாடி இருந்த சிஸ்டர். புத்தகம் வந்த அன்னிக்கே பார்மசியில கேட்டு, ராத்திரி டியூட்டிக்குள்ள எழுதிட்டாங்களாம். இப்ப வேற எங்கயோ மாத்திட்டாங்க.”

“கோடு வளையாம இருக்கு” என்றார்.

“ஆமா. ஒட்டுங்க, எனக்கு நேரமாகுது. விதிப்படி அச்சடிச்சதுதான் இருக்கணும்.”

ஒட்டுச் சீட்டை நீல வரிசைக்கு மேலே சரியாகப் பொருத்தினார். அளவுகோலால் இரண்டு பக்கமும் அளந்தார். பசையை எடுத்துச் சீட்டின் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு இழுத்து, அந்த விளிம்பை மட்டும் அழுத்தினார். மற்ற மூன்று பக்கமும் ஒட்டாமல் நின்றன.

“நாலு பக்கமும் ஒட்டலையா? பிஞ்சி வந்துடுமே.”

“வந்தா என்ன? அடியில சரியான வரிதானே இருக்கு.”

மனைவி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் கைக்குட்டையால் விரல் பசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே விரித்துத் தலைகீழாகத் திருப்பி, ஜன்னலுக்கு நேரே கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார். சீட்டு மெதுவாக முன்னால் சாய்ந்து, ஒட்டிய விளிம்பில் தொங்கியது. நீல வரிசை வெளிச்சத்தில் முழுதாகத் தெரிந்தது. பத்து விநாடி ஆயிற்று. அவர் சீட்டைத் தள்ளி மூடவில்லை. மூடியிருந்த கண்ணைத் திறந்தார். புத்தகத்தை நேராகத் திருப்பி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அந்த வரிசையைப் படிக்க ஆரம்பித்தார்.